த/பெ ராமலிங்கம்

சென்னைக்கு வீடு மாற்றுவதற்காகச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அந்த போன் வந்தது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, ரிலீவிங் லெட்டர் வாங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. பிரிவு உபச்சாரத்துக்குப் போட்ட சால்வையைக்கூட இன்னும் மடித்து வைக்கவில்லை. சென்னையில் வீட்டுக்கு 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. புது கம்பெனியின் எச்.ஆர். பெண் பேசினார். "சார், உங்க பேக்ரவுண்ட் ரிப்போர்ட் ரெட்ல வந்திருக்கு. ஏதோ லிக்கர் கேஸ் ஒண்ணு பெண்டிங்னு காட்டுது. அது க்ளியர் ஆகுற வரைக்கும் ஜாயினிங் ஹோல்ட் சார்." பேக்ரவுண்ட் ரிப்போர்ட் என்பது, ஆளைச் சேர்ப்பதற்கு முன்னால் கம்பெனி ஒரு சரிபார்ப்பு ஏஜென்சியை வைத்து வாங்கும் விசாரணை அறிக்கை. எந்தக் கேஸ், எந்தக் கோர்ட், எந்த வருஷம் என்று கேட்டேன். அதெல்லாம் தனக்குத் தெரியாது என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போனை வைத்ததும் எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். நான் கடலூர் திருப்பாப்புலியூர்க்காரன். எங்களுக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர். பாட்டில் அங்கே விலை குறைவு. 2015-ல் ஒரு நண்பனின் கல்யாணத்துக்கு முந்தின நாள், புதுச்சேரிப் பக்கம் முள்ளோடையில் நாலு பாட்டில் வாங்கி பையில் போட்டுக்கொண்டு வண்டியில் வந்தேன். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் மடக்கினார்கள். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு நோட்டில் என் பேரையும் அப்பா பேரையும் எழுதிக்கொண்டு, நாலு திட்டு திட்டி அனுப்பிவிட்டார்கள். கல்யாணமான புதிதில் இதை நானே என் மனைவியிடம் சிரிப்புக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். போன் வந்த அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "ஏங்க, அந்தப் பாட்டில் விஷயமா இருக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். எனக்குத் தெரியாமலே அன்றைக்குக் கேஸ் எழுதியிருப்பார்களோ? அந்த ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை.

பயந்தவன் செய்கிற முட்டாள்தனத்தை நானும் செய்தேன். நான் நல்லவன் என்று நிரூபிக்கக் கிளம்பினேன். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று, கெஜட்டட் ஆபீசர் ஒருவரிடம் நன்னடத்தைச் சான்று, படித்த பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம், பழைய கம்பெனி மேலாளரிடம் ஒரு கடிதம். இதற்கு 11 நாள் ஓடிப்போயிற்று. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினால், பார்த்ததாகக்கூட ஒரு வரி வரவில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது. அவர்கள் கேட்டது நான் நல்லவனா என்று அல்ல. அந்த வழக்கில் இருக்கிற ஆள் நானா இல்லையா என்பதுதான் கேள்வி. ஊரே கூடி எனக்கு நற்சான்று கொடுத்தாலும் அந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது. உங்களுக்கு இப்படி ஒரு போன் வந்தால் நன்னடத்தைச் சான்றுக்கு அலையாதீர்கள். அந்த 11 நாள் எனக்குத் தெண்டம்.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை 12-வது நாள் செய்தேன். என் சகலை அமெரிக்காவில் இருக்கிறார். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரிப்போர்ட் காப்பி உங்க கையில இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அங்கே இதற்கென்றே 1970-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறதாம். ரிப்போர்ட்டைக் காட்டி வேலையை மறுப்பதற்கு முன்னால் அதன் நகலைக் கொடுத்தாக வேண்டும். தப்பு என்று நாம் எழுதிக் கொடுத்தால் பொதுவாக 30 நாளுக்குள் திரும்ப விசாரிக்க வேண்டும். நம் ஊரில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நம்மைப் பற்றிய தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது, அதைக் காட்டி மிரட்டி எதுவும் நடக்கப்போவதில்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் மெயிலில் ஒரு வரி சேர்த்தேன். போனில் பேசுவதை நிறுத்திவிட்டு, எச்.ஆருக்கும் சரிபார்ப்பு ஏஜென்சிக்கும் ஒரே மெயிலில் நான்கு விஷயம் கேட்டேன். ரிப்போர்ட்டின் முழு நகல் வேண்டும். வழக்கு எண்ணும், கோர்ட் கணினியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் சி.என்.ஆர். எண்ணும் வேண்டும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றில் எதெதை வைத்து இது நான்தான் என்று முடிவு செய்தீர்கள்? மறுப்பை யாருக்கு, எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும்? போனில் 'தெரியாது' என்று சொன்னவர்கள் மெயிலுக்கு அன்று சாயங்காலமே ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டார்கள். சாமர்த்தியமாக எழுதியதால் வந்த பலன் இல்லை இது. எழுத்தில் கேட்டால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பாதி உயிர் திரும்பி வந்தது. வழக்கு 2018-ல் போட்டது. என் பாட்டில் கதை 2015. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் கடலூரில் ஒரு வழக்கு, ஆஜராகாததால் பிடியாணை நிலுவை என்று இருந்தது. 'பொருந்தியவை: பெயர், தந்தை பெயர், மாவட்டம்.' பிறந்த தேதி என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதாவது அதை அவர்கள் பார்க்கவே இல்லை, பார்க்க வழியும் இல்லை. ஏனென்றால் இந்த ஏஜென்சிகள் பெரும்பாலும், கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கிற ஈகோர்ட்ஸ் என்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுகின்றன. அங்கே பிரதிவாதியின் பெயர் வரும், சில சமயம் அப்பா பெயர் வரும். பிறந்த தேதி வராது, போட்டோவும் இருக்காது.

எங்கள் மாவட்டத்தில் அப்பா பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தவருக்கு எங்கள் மாவட்டம் தெரியாது. என் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் எங்கள் தெருவில் நின்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா பெயர் ராமலிங்கம். வள்ளலார் பிறந்த மருதூரும் அவர் சத்திய ஞான சபை கட்டிய வடலூரும் இருக்கிற மாவட்டத்தில், அப்பா தலைமுறையில் ராமலிங்கம் இல்லாத தெரு உண்டா? என் அப்பா மாதப் பூசம் தவறாமல் வடலூர் போய் ஜோதி பார்க்கிறவர். கறி, மீன், குடி எதுவும் கிடையாது. அவரிடம் மறைத்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பையனோட அப்பா பேரும் ராமலிங்கமா? பாவம், அவரு மனசு எப்படி இருக்கும்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போனேன். தனியாகப் போனதுதான் அடுத்த தப்பு. வாசலில் டீக்கடையில் ஒருவர் தானாகவே வந்து பேச்சுக் கொடுத்தார். வக்கீல் இல்லை, குமாஸ்தாவா என்றும் தெரியவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இது சின்னக் கேஸு தம்பி. ஆமாம்னு ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா இன்னிக்கே முடிஞ்சிடும். டிஸ்போஸ்டுன்னு மாறிடும். எனக்கு ரெண்டாயிரம் குடுங்க" என்றார். நிஜமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் பர்ஸில் கை வைத்தேன். வேலை போய்விடுமோ என்ற பதற்றத்தில் இருப்பவனுக்கு 'இன்னிக்கே முடிஞ்சிடும்' என்ற வார்த்தையைவிட இனிப்பானது எதுவும் இல்லை. சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். அவன் ஒரு பெண் வக்கீலின் நம்பரைக் கொடுத்தான். அவர் போனிலேயே கத்தினார். "சார், முதல்ல கோர்ட் காம்பவுண்டை விட்டு வெளிய வாங்க. பிடியாணை இருக்கிற பேரைச் சொல்லிக்கிட்டு எவன்கிட்டயும் பேசாதீங்க. குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினா, அந்த ஆள் நீங்கதான்னு நீங்களே கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. அப்புறம் ஜென்மத்துக்கும் அழிக்க முடியாது."

இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். இன்னொருவர் வழக்கை 'முடித்து வைக்க' ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அபராதம் நூறு ரூபாயாக இருந்தாலும் அது தண்டனைதான். அதுவரைக்கும் உங்கள் மேல் இருந்தது ஒரு ஏஜென்சியின் தப்பு. கட்டிய பிறகு இருப்பது கோர்ட்டின் தீர்ப்பு.

வக்கீல் செய்த முதல் வேலை, எப்.ஐ.ஆரை இறக்கியது. இப்படி ஒரு வசதி இருப்பதே எனக்குத் தெரியாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், வருஷம், எண் போட்டால் எப்.ஐ.ஆர். நகலை நாமே இறக்கிக்கொள்ளலாம். 2016-ல் உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம் போன்ற சிலவற்றைத் தவிர, எப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. அதன் பலன் இது. எப்.ஐ.ஆரில் 7-வது பகுதி குற்றம் சாட்டப்பட்டவர் விவரம். அங்கே என் பெயர், 'த/பெ ராமலிங்கம்', பக்கத்தில் '41/18' என்று இருந்தது. கதவு எண்ணா என்று கேட்டேன். வக்கீல் சிரித்தார். 2018-ல் வயது 41 என்று அர்த்தமாம், போலீஸ்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம். அந்த வருஷம் எனக்கு வயது 28. பதிமூன்று வயது வித்தியாசம் ஒரு சாய்வுக்கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. வழக்கு நாளும் ஒரு வேலை நாள். அன்றைக்கு நான் கம்பெனியில் இருந்ததற்கு வருகைப் பதிவு இருக்கிறது.

அன்று ராத்திரியே அந்த எப்.ஐ.ஆரை அனுப்பினேன். வந்த பதில்: 'இணையத்தில் எடுத்த நகலை ஏற்க இயலாது. கோர்ட்டிலிருந்து க்ளியரன்ஸ் சமர்ப்பிக்கவும்.' இப்படி ஒரு க்ளியரன்ஸே கிடையாது. வழக்கில் இருக்கிறவனுக்கு விடுதலை உண்டு, வழக்கில் இல்லாதவனுக்கு 'நீ இதில் இல்லை' என்று எந்தக் கோர்ட்டும் சும்மா எழுதித் தராது. அதனால் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டோம். இங்கேயும் ஒரு வேடிக்கை. வழக்கில் சம்பந்தப்பட்டவர் கேட்டால் நகல் கொடுப்பார்கள். சம்பந்தமில்லாதவர் கேட்டால் ஏன் வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். நான் சம்பந்தமில்லாதவன் என்று காட்டத்தான் நகலே கேட்கிறேன். அதைக் கேட்கவே, நான் சம்பந்தமில்லாதவன், ஆனாலும் எனக்குச் சம்பந்தம் உண்டு என்று இரண்டு பக்கம் எழுத வேண்டியிருந்தது. நகல் கைக்கு வர 19 நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு நாள் கோர்ட் விடுமுறை, ஒரு நாள் ஸ்டாம்ப் போதவில்லை என்று திருப்பினார்கள். வழக்கு எண் கிடைத்த அன்றே நகல் மனுவைப் போட்டுவிடுங்கள், இதில்தான் நாள் தின்னும்.

அந்த இடைவெளியில் காவல்துறை தளத்திலேயே தனிநபர் சரிபார்ப்புக்கு 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். நிலையத்திலிருந்து ஏட்டு கூப்பிட்டார். நான் பயந்தபடி ஒன்றும் இல்லை. ஆதாரையும் ரேஷன் கார்டையும் பார்த்தார், எப்.ஐ.ஆர். நகலைக் காட்டினேன், வயதைப் பார்த்துவிட்டு "அட, இது வேற ஆளுப்பா" என்றார். இரண்டு நொடி. ஐம்பது நாளில் எனக்கு நடந்த ஒரே சரியான சரிபார்ப்பு அதுதான் என்று சொல்வேன். இரண்டு வாரத்தில் வழக்கு எதுவும் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள்: கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தினம் போய் வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டும் ஒரே ஊர் மாதிரி. ஆனால் போலீஸ் வேறு வேறு. தமிழ்நாடு போலீஸின் அறிக்கை புதுச்சேரி முகவரிக்குச் செல்லாது. நீங்கள் அங்கே வாடகைக்கு இருந்திருந்தால் அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும். நான் எட்டு வருஷமும் பஸ்ஸிலேயே போய் வந்ததால் தப்பித்தேன்.

நகல் வந்ததும் அதில் கைதின்போது எழுதிய தாளும் இருந்தது. அங்க மச்ச அடையாளம் என்று இரண்டு வரி. நம் பள்ளி டி.சி.யிலும் இதே மாதிரி இரண்டு வரி உண்டு, ஞாபகம் இருக்கிறதா? பரணிலிருந்து டி.சி.யைத் தேடி எடுத்தேன். அவருக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. எனக்கு வலது முழங்கையில் மச்சம். அவர் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்திருந்தார், நான் எம்.காம். படித்தவன். வக்கீல் சொன்னபடி ஒரே ஒரு பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டேன். இடது பக்கம் நான், வலது பக்கம் வழக்கில் இருப்பவர். வயது, ஊர், தொழில், அடையாளம், கையொப்பம், வழக்கு நாளன்று எங்கே இருந்தார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்று எண். பின்னால் அந்த ஆதாரங்கள் வரிசையாக. கதை, கண்ணீர், கோபம் எதுவும் இல்லை. அவருடைய முழு முகவரியை மட்டும் கறுப்படிக்கச் சொன்னார் வக்கீல். "ஊர் பேர் போதும். உங்களுக்கு நடந்தது அவருக்கும் நடக்க வேணாம்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல் இருந்தது அப்போது.

36-வது நாள் அனுப்பினேன். பழைய மெயிலுக்கே பதிலாக, இரண்டு தரப்புக்கும் சேர்த்து, ஒரே பி.டி.எப்.பாக. பத்து நாள் சத்தமே இல்லை. 46-வது நாள் எச்.ஆர். பெண் போன் செய்தார். "சார், ரிப்போர்ட் க்ரீன் ஆயிடுச்சு. அடுத்த வாரம் ஜாயின் பண்ணிக்கலாமா?" மன்னிப்பு என்ற வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. திருத்திய ரிப்போர்ட்டின் நகலை மெயிலில் கேட்டேன். அதற்கும் இரண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆனால் விடாமல் வாங்குங்கள். நாளைக்கு வேறு கம்பெனி வேறு ஏஜென்சியை வைத்துத் தேடும்போது அவர்கள் கண்ணில் முதலில் படப்போவது அதே வழக்குதான்.

கணக்குப் பிரிவு ஆள் ஆயிற்றே, கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். புது வேலையில் 46,000 ரூபாய் வீதம் 51 நாள் சம்பளம் 78,200. சென்னை வீட்டுக்காரர் ஆள் வராமல் பூட்டிக் கிடந்ததற்கு அட்வான்ஸில் ஒரு மாத வாடகை 13,000 பிடித்துக்கொண்டார். வக்கீலுக்கு 5,000, போலீஸ் சரிபார்ப்புக்கு 500, நோட்டரி, ஜெராக்ஸ், ஸ்டாம்ப், பஸ் எல்லாம் சேர்த்து 2,900. ஒரு லட்சத்துக்கு 400 ரூபாய்தான் குறைவு. மாமனார் வீட்டில் இரண்டு மாதம் தலை குனிந்து சாப்பிட்டதற்கு எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது என்று தெரியவில்லை.

வேலை மாறப் போகிறீர்கள் என்றால், ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி ஈகோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். உங்கள் மாவட்டம், ஒவ்வொரு வருஷமாக, நிலுவை, முடிந்தது இரண்டிலும். பெயரை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எல்லா விதத்திலும் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் யாராவது இருந்தால் எப்.ஐ.ஆரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்புப் படிவத்தில் 'உங்கள் மீது வழக்கு உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுவிட்டு, அதே பெயரில் வேறொருவர் மீது வழக்கு இருப்பதை ஒரு தாளில் எழுதி இணைத்துவிடுங்கள். நான் வெறும் 'இல்லை' போட்டதால், வழக்கோடு சேர்த்து 'தகவலை மறைத்தார்' என்றும் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது. வழக்கைவிட அந்த வரிதான் என்னை அதிகம் சுட்டது.

மாதாமாதம் முதல் தேதி அந்த சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. போன வாரமும் பார்த்தேன். பிடியாணை இன்னும் நிலுவை. வாய்தா தள்ளிப் போயிருக்கிறது. அப்பா ஒவ்வொரு தடவையும் கேட்கிறார், "அந்தப் பையன் வந்துட்டானா?" என்று.